தோல் லிம்போமாவுக்குப் பெக்சரோட்டின்: முதல் கேப்சூலுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

என் அப்பாவுக்குத் தோல் லிம்போமா, அதாவது தோலில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற வகை. பெருந்துறைக்குப் பக்கத்தில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறார். உடம்பில் வந்த தடிப்புகளை எக்ஸிமா என்றார்கள், சொரியாசிஸ் என்றார்கள், தோட்டத்து மருந்தடிப்பால் வந்த ஒவ்வாமை என்றார்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பார்த்த பிறகே நோய் என்னவென்று தெரிந்தது. களிம்பும் ஒளிச் சிகிச்சையும் போதாமல் போனபோது மருத்துவர் பெக்சரோட்டின் கேப்சூலை எழுதிக்கொடுத்தார்.

சீட்டு கையில் இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. தோல் மருத்துவர் ஒரு பகுதியைச் சொன்னார், புற்றுநோய் மருத்துவர் ஒரு பகுதியைச் சொன்னார், மருந்துக்கடைக்காரர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கம் இதே சீட்டோடு நிற்கும் இன்னொரு குடும்பம் அப்படி அலையக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தில் கேப்சூலை விழுங்குவது எளிய வேலை. ரத்தக் கொழுப்பையும் தைராய்டையும் காவல் காப்பதுதான் பெரிய வேலை. அந்தக் காவலை ஏற்பாடு செய்யாமல் முதல் கேப்சூலைப் பிரிக்காதீர்கள். மருந்தளவையும் மாற்றங்களையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்பதற்கே இந்தக் கட்டுரை.

1. சீட்டில் இருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்

வாய்வழி ரெட்டினாய்டு என்று மருத்துவர் சொன்னால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: பெக்சரோட்டின், அசிட்ரெடின், ஐசோட்ரெடினாயின். நம் நாட்டில் பெக்சரோட்டின் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் சில மருத்துவர்கள் ஒளிச் சிகிச்சையோடு சேர்த்து அசிட்ரெடின் தருகிறார்கள். மூன்றும் வைட்டமின் ஏ குடும்பம்தான், ஆனால் விதிகள் வேறு. முக்கியமான வித்தியாசம் கர்ப்பத்தடைக் காலம். பெக்சரோட்டினையோ ஐசோட்ரெடினாயினையோ நிறுத்திய பிறகு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அசிட்ரெடினுக்கு மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளும் ரத்த தானமும் கூடாது. ஒரு மருந்தின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திவிட்டால் விளைவு ஒரு குழந்தையின் தலையில் விழும். ஆகவே சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமே மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்வது பெரும்பாலும் பெக்சரோட்டின் பற்றியது.

2. ஒரு கோப்பு போடுங்கள்

பிளாஸ்டிக் பையில் திணித்த காகிதக் கட்டு உதவாது. தாளைப் புரட்டக்கூடிய கோப்பு ஒன்று வாங்கி, இந்த வரிசையில் அடுக்குங்கள்:

பயாப்ஸி அறிக்கையின் மூலப்பிரதியும் இரண்டு நகல்களும். அந்தத் துணுக்கின் செல் வகையைச் சாயமிட்டு அறியும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி அறிக்கை தனியாக வந்திருந்தால் அதுவும். இதுவரை எடுத்த சிகிச்சைகளின் பட்டியல்: எந்தக் களிம்பு, எத்தனை மாதம் ஒளிச் சிகிச்சை, எந்த மாத்திரை, எதனால் நிறுத்தப்பட்டது. இந்தப் பட்டியல் பின்னால் காப்பீட்டுக்கும் இறக்குமதி அனுமதிக்கும் தேவைப்படும். முன்பு எடுத்த சிகிச்சை பலன் தராத நிலையில் கொடுக்கப்படும் மருந்து இது என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அடுத்து, ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள். கடைசியாக, ரத்தப் பரிசோதனை முடிவுகள், தேதிவாரியாக, புதியது மேலே.

வேலூர் சிஎம்சிக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ இரண்டாவது கருத்து கேட்கப் போவதாக இருந்தால் அறிக்கையை மட்டும் கொண்டு போனால் போதாது. பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள். போன இடத்தில் மறுபடி பார்ப்பதற்கு அவைதான் வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. கிளம்பும் நாளில் கேட்காமல் சில நாள் முன்பே சொல்லிவையுங்கள்.

3. மருந்துக்கு முந்தைய பரிசோதனைகள்

கேட்க வேண்டியவை இவை: வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை, ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோனின் அளவு), டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன்), கல்லீரல் பரிசோதனை, முழு ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின், சர்க்கரை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். அதை மருந்து தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டும்.

கொழுப்புப் பரிசோதனைக்கு 12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நம் பக்கத்தில் விடிந்ததும் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள், அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். பாலும் சர்க்கரையும் போட்ட காபி குடித்துவிட்டுக் கொடுக்கும் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடித் தெரியலாம். அந்த எண்ணை நம்பி மருந்தைக் குறைப்பதும் கூட்டுவதும் வீண். முந்தைய இரவு ஏழரை மணிக்குச் சாப்பிட்டு முடித்துக் காலை ஏழரைக்கு ஆய்வகத்தில் இருங்கள். கல்யாண விருந்துக்கு மறுநாள் பரிசோதனை வைத்துக்கொள்ளாதீர்கள்.

டிரைகிளிசரைடு ஏற்கெனவே கூடுதலாக இருந்தால், அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பெக்சரோட்டின் தொடங்க வேண்டும். ‘நோய்க்கு அவசரம், இது கிடக்கட்டும்’ என்று யாராவது சொன்னாலும் நீங்கள் கேளுங்கள். இந்த நோய் பெரும்பாலும் மெதுவாக நகர்வது. இரண்டு மூன்று வாரம் கொழுப்பைச் சரிசெய்யச் செலவிடுவதால் பெரும்பாலானோருக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்று எங்கள் மருத்துவர் சொன்னார்.

கண்ணில் புரை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து அந்தச் சீட்டையும் கோப்பில் போடுங்கள். பின்னால் பார்வை மங்கினால் ஒப்பிட உதவும்.

4. கொழுப்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் முன்னே, கேப்சூல் பின்னே

பெக்சரோட்டின் எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு டிரைகிளிசரைடு ஏறும். அதோடு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் ஆணையையே இந்த மருந்து தணித்துவிடும். இரண்டும் எதிர்பார்த்த விளைவுகள்தான், கண்டு பயப்பட வேண்டியதில்லை. எதிர்பார்த்தவை என்பதால் முன்கூட்டியே தடுப்பு போடலாம். பல மருத்துவர்கள் பெக்சரோட்டினுக்கு ஒரு வாரம் முன்பே ஃபெனோஃபைப்ரேட் என்ற கொழுப்பு மாத்திரையைத் தொடங்குகிறார்கள். தைராய்டு மாத்திரையான தைராக்ஸினையும் 25 அல்லது 50 மைக்ரோகிராம் என்ற சிறிய அளவில் தொடங்கிவிடுகிறார்கள். தேவைப்பட்டால் அட்டோர்வாஸ்டேட்டின் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரை பின்னால் சேரும். உங்கள் சீட்டில் பெக்சரோட்டின் மட்டும் தனியாக இருந்தால், ‘கொழுப்புக்கும் தைராய்டுக்கும் என்ன ஏற்பாடு, டாக்டர்?’ என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் என்ற மாத்திரையைப் பெக்சரோட்டினோடு சேர்க்கவே கூடாது. ரத்தத்தில் பெக்சரோட்டின் அளவை அது தாறுமாறாக ஏற்றிவிடும். ஃபெனோஃபைப்ரேட் இல்லையென்றால் ‘இதுவும் அதே வகைதான்’ என்று கடையில் மாற்றித் தரப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். ஃபெனோஃபைப்ரேட்டும் அட்டோர்வாஸ்டேட்டினும் சேரும்போது தொடை, தோள் தசைகளில் காரணமில்லாத வலி வந்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தைராய்டுப் பொறி இதைவிடப் பெரியது. எங்கள் வீட்டில் அது நடந்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண தைராய்டு குறைபாட்டில் டிஎஸ்ஹெச் ஏறும். பெக்சரோட்டினால் வரும் குறைபாட்டில் டிஎஸ்ஹெச் இறங்கும், ஃப்ரீ டி4ம் இறங்கும். ஊருக்குள் ஒரு மருத்துவர் அப்பாவின் அறிக்கையில் டிஎஸ்ஹெச் மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று முடிவு கட்டி, தைராக்ஸின் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆய்வகத்தில் ஃப்ரீ டி4 எடுக்கவே இல்லை, டிஎஸ்ஹெச் மட்டும்தான் இருந்தது. அடுத்த சில வாரங்களில் அப்பா பங்குனி வெயிலில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். மலச்சிக்கல், முகவீக்கம், கூப்பிட்டால் சற்றுப் பொறுத்துத்தான் பதில். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழுதோம். ஃப்ரீ டி4 எடுத்துப் பார்த்துத் தைராக்ஸினை மறுபடி தொடங்கிய பிறகு மனிதர் பழையபடி வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.

ஆகவே ஆய்வகத்தில் ‘தைராய்டு டெஸ்ட்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சீட்டில் எஃப்டி4 (ஃப்ரீ டி4) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். கோப்பின் முகப்பில் ஒரு அட்டை ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டியிருப்பது: ‘இவர் பெக்சரோட்டின் எடுக்கிறார். டிஎஸ்ஹெச் குறைவாகவே இருக்கும். ஃப்ரீ டி4 பார்த்து மட்டுமே தைராக்ஸின் அளவை மாற்றவும். ஜெம்ஃபைப்ரோசில் கொடுக்கக் கூடாது.’ கீழே சிகிச்சை தரும் துறையின் தொலைபேசி எண். மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டால் மற்ற மருத்துவர்கள் அதை மதிக்கிறார்கள்.

தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி, டிபன். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அதற்கும் தைராக்ஸினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

5. எத்தனை கேப்சூல் என்ற கணக்கு

வாங்கும் அளவைத் தீர்மானிக்க இந்தக் கணக்கு உங்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். மருந்தளவு எடையை வைத்து மட்டும் வருவதில்லை, உடற்பரப்பை வைத்து வருகிறது. உயரத்தை சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டர் கிடைக்கும். 160 சென்டிமீட்டர், 55 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 1.56.

முழு அளவு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். பல மருத்துவர்கள் பாதி அளவில், அதாவது 150 இல் தொடங்கி, நான்கு வாரம் கழித்து ரத்தம் இடம் கொடுத்தால் ஏற்றுகிறார்கள். ஒரு கேப்சூல் 75 மில்லிகிராம். மேலே சொன்னவருக்குத் தொடக்கத்தில் நாளுக்கு மூன்று, முழு அளவில் ஆறு. நூறு கேப்சூல் கொண்ட ஒரு குப்பி தொடக்கத்தில் ஒரு மாதம் தாண்டும். முழு அளவில் 17 நாள்கூட வராது. முதல் குப்பி காலியாகும் வேகத்தை வைத்து அடுத்ததை ஆர்டர் செய்தால் நடுவில் மருந்து தீர்ந்துபோகும். அளவு ஏறும் தேதியை முன்பே கேட்டு, அதற்கு ஏற்றபடி ஆர்டர் கொடுங்கள்.

எடை கணிசமாகக் குறைந்தாலோ கூடினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள், கணக்கு மாறலாம்.

6. மருந்தை வாங்குவது

தெருமுனை மருந்துக்கடையில் இது இருக்காது. முதலில் சிகிச்சை தரும் மருத்துவமனையின் மருந்தகத்தில் கேளுங்கள். அடுத்து கோவையிலோ சென்னையிலோ உள்ள, புற்றுநோய் மருந்துகளை மட்டுமே விற்கும் கடைகளில். விலை கேட்கும்போது குப்பி விலையைக் கேட்காமல் ஒரு கேப்சூலின் விலையைக் கேளுங்கள். குப்பிக்குக் குப்பி எண்ணிக்கை வேறுபடும், ஒப்பிட முடியாது. எத்தனை நாளில் வரும், முன்பணம் எவ்வளவு, மருத்துவர் மருந்தை நிறுத்தினால் பிரிக்காத குப்பியைத் திரும்ப எடுப்பார்களா என்ற மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ‘பாதி விலை, பில் வேண்டாம்’ என்று பேசுகிறவர்கள் வருவார்கள். இவர்களை அண்ட விடாதீர்கள். பில்லில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, கடையின் உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். குப்பியில் உள்ள தொகுதி எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே நின்று ஒப்பிடுங்கள்.

இந்தியாவில் கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும் என்றால், அதற்குச் சட்டப்படி வழி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு மருந்து இறக்குமதி செய்ய மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்தால், படிவம் 12பி-யில் அனுமதி தருவார்கள். மருத்துவரின் சீட்டு, நோயின் விவரம், தேவைப்படும் அளவு, நோயாளியின் அடையாள, முகவரிச் சான்றுகள் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். சீட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர்களில் ஒன்றில் ‘கவுண்டர்’ இருக்கும், மற்றொன்றில் இருக்காது, தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னும் பின்னும் மாறியிருக்கும். மருத்துவமனைப் பதிவிலேயே ஆதாரின்படி திருத்திவிடுவது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பையில் கொண்டுவருவதானால், சொந்த உபயோகத்துக்கு ஒரு மருந்தில் நூறு வேளை அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சீட்டின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த மருந்தை எங்கே வைப்பது என்பது நம் பக்கத்தில் சாதாரணக் கேள்வி அல்ல. ஈரோடும் கரூரும் கோடையில் 40 டிகிரியைத் தொடுகின்றன. கேப்சூல்கள் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாதவை. 25 டிகிரிக்கு மேல் போகாமல், வெளிச்சம் படாமல் வைப்பது பாதுகாப்பு. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடியுள்ள டப்பாவுக்குள் குப்பியை வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

7. பணத்துக்கு என்ன வழி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். ஆனால் வீட்டில் எடுக்கும் இந்தக் கேப்சூலின் விலை முழுவதும் அதில் அடங்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில், எந்தச் சிகிச்சைத் தொகுப்பில் இது வரும் என்று முதல் நாளே கேளுங்கள். ரத்தப் பரிசோதனைகளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்தால் அந்தச் செலவு மிச்சம். ஃப்ரீ டி4 அங்கே எடுக்கிறார்களா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தனியார் காப்பீடு இருந்தால், வெளிநோயாளி மருந்து என்று சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள். வாய்வழிக் கீமோதெரபியை நவீனச் சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்துக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. லிம்போமா என்ற புற்றுநோய்க்குத் தரப்படும் வாய்வழி மருந்து இது என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி இணையுங்கள். ‘தோல் நோய்’ என்று மட்டும் எழுதிய கடிதம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். பாலிசியில் இதற்கு உச்சவரம்பு இருக்கும், அதையும் பாருங்கள்.

வேலூருக்கோ சென்னைக்கோ ரயிலில் போகிறவர்கள் மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் புற்றுநோய்ச் சான்று கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்குப் போகும்போது படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம் குறைவு. இவ்வளவு பெரிய சலுகை இருப்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

8. சாப்பாடும் கூட எடுக்கக் கூடாதவையும்

கேப்சூல்களைச் சாப்பாட்டோடு, தினமும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. கடிக்காமல், உடைக்காமல் விழுங்க வேண்டும். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டோம். காலையில் தைராக்ஸின், இரவில் கொழுப்பு மாத்திரை என்பதால் குழப்பம் வராது.

டிரைகிளிசரைடை ஏற்றுவதில் எண்ணெயோடு சர்க்கரையும் மாவும் சாராயமும் சமபங்கு. ஒப்புட்டு, கச்சாயம், பேக்கரி பன், வெல்லம் போட்ட காபி எல்லாம் கணக்கில் வரும். மதுவை முழுவதும் நிறுத்த வேண்டும், இதில் ‘கொஞ்சம்’ கிடையாது. கேழ்வரகுக் களி, கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, கீரை நல்லவைதான், ஆனால் களியும் அளவோடுதான். பள்ளிபாளையம் கோழி வறுவலை மாதம் ஒருமுறை என்று தள்ளிவைக்கலாம்.

ஆட்டு ஈரலை முற்றிலும் தவிர்ப்பது நல்லது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். ரத்தம் ஊறட்டும் என்று உறவினர்கள் அன்போடு வறுத்துக் கொண்டுவருவது அதைத்தான். காட் ஈரல் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் ஏ உள்ள சத்து மாத்திரைகளும் வேண்டாம். கேரட்டும் முருங்கைக் கீரையும் பயப்பட வேண்டியவை அல்ல, அவற்றிலிருந்து உடம்பு தேவையான அளவுக்குத்தான் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் மருந்தின் அளவை மாற்றக்கூடும், ஒதுக்கிவிடுங்கள்.

மற்ற மருந்துகளில் மூன்றைக் கவனியுங்கள். படர்தாமரை என்று சொல்லிக் கொடுக்கப்படும் இட்ராகோனசோல் பெக்சரோட்டினின் அளவை ஏற்றலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைக் குறைக்கலாம். இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம், வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, சூரணம், கஷாயம் எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லீரல் அறிக்கை கெட்டால் காரணம் எது என்று பிரித்தறிய வேண்டும் அல்லவா?

தோல் வெயிலைத் தாங்காமல் போகும். தோட்டத்தில் நிற்பவர்கள் காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் வேலையை வைத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு இல்லாமல் இறங்கக் கூடாது.

9. கர்ப்பம் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம்

இந்த மருந்து கருவை ஊனப்படுத்தும். பெண்கள் மருந்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து, மருந்துக் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரை, இரண்டு வகைக் கருத்தடை ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனைப் பெக்சரோட்டின் குறைக்கலாம் என்பதால் இரண்டில் ஒன்று ஹார்மோன் இல்லாததாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கர்ப்பப் பரிசோதனை. மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் மருந்தைத் தொடங்கச் சொல்வது வழக்கம். தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

ஆண்களுக்கும் விதி உண்டு. மனைவி கர்ப்பமாக இருந்தாலோ ஆகக்கூடிய வயதில் இருந்தாலோ, மருந்துக் காலத்திலும் முடிந்து ஒரு மாதம் வரையிலும் ஆணுறை கட்டாயம். மாமனார் மாமியார் உட்கார்ந்திருக்கும் அறையில் மருத்துவர் இதைப் பேசத் தயங்குவார், நீங்களும் தயங்குவீர்கள். தம்பதி இருவரும் தனியாக ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

10. பரிசோதனை அட்டவணை

காலண்டரில் சிவப்பு மையால் குறியுங்கள். கொழுப்பு: ரத்தம் ஒரு நிலைக்கு வரும்வரை வாரம் ஒருமுறை, வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு வாரம். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், மாதம் ஒருமுறையோ எட்டு வாரத்துக்கு ஒருமுறையோ. கல்லீரல்: ஒன்று, இரண்டு, நான்காம் வாரங்களில், பின்னர் இடைவெளி கூட்டி. ஃப்ரீ டி4ம் வெள்ளணுக்களும் இவற்றோடு சேர்ந்தே வரட்டும். மருந்தளவு ஏறும் ஒவ்வொரு முறையும் கொழுப்புப் பரிசோதனையை மறுபடி வாரம் ஒருமுறையாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டிரைகிளிசரைடு 400க்குள் நிற்பது நோக்கம். அதைத் தாண்டினால் கொழுப்பு மாத்திரையைக் கூட்டுவார்கள், அடங்கவில்லையென்றால் பெக்சரோட்டினைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்திவைப்பார்கள். மிக அதிகமாக ஏறியவரின் ரத்தத்தைக் குழாயில் சுழற்றிப் பிரித்தால், தெளிவாக இருக்க வேண்டிய சீரம் பால் கலந்தது போல வெளுத்து நிற்கும். ஆய்வகத்தில் ‘சாம்பிள் சரியில்லை, நாளை வாருங்கள்’ என்று சொன்னால், ஏன் சரியில்லை என்று கேளுங்கள். காரணம் அதுவானால் நாளைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். முடிவு வந்ததும் படம் எடுத்து அனுப்பி, பதில் வந்ததா என்று பாருங்கள். மருத்துவர் கண்ணில் படாத முடிவால் பயனில்லை.

தோலில் மாற்றம் தெரியச் சிலருக்குச் சில வாரம், பலருக்குப் பல மாதம் ஆகும். மாதத்தின் முதல் நாளில் ஒரே வெளிச்சத்தில், ஒரே இடங்களைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் படத்தில் தெரியும்.

11. காத்திராமல் போக வேண்டிய நேரங்கள்

மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் சேர்ந்தால் அது டிரைகிளிசரைடு ஏறியதால் வந்த கணைய அழற்சியாக இருக்கலாம். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். அடுத்த கேப்சூலை எடுக்காமல் 108ஐ அழைத்து, கோப்போடு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் பெக்சரோட்டின் எடுப்பதைச் சொல்லி, லைபேஸ் (கணையப் பரிசோதனை), டிரைகிளிசரைடு இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் வந்தால் வெள்ளணு குறைந்திருக்கலாம், அன்றே ரத்தம் கொடுங்கள். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தியோடு விடாத தலைவலி வந்தாலோ அதேபோல. உதடு காய்வதும் தோல் உரிவதும் பெரிய விஷயம் அல்ல. குளித்த ஈரத்தோடு வாசலின் தடவினால் அடங்கும்.

12. மருந்தை நிறுத்தும்போது

தோல் தெளிந்துவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள், எண்கள் ஏறிவிட்டன என்று பயந்து பாதியாகவும் ஆக்காதீர்கள். இரண்டையும் மருத்துவர் சொல்ல வேண்டும். பெக்சரோட்டின் நின்ற பிறகு தைராய்டும் கொழுப்பும் பெரும்பாலும் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். எனவே தைராக்ஸினையும் ஃபெனோஃபைப்ரேட்டையும் எப்போது குறைப்பது என்று அதே நாளில் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்காமல் வந்துவிட்டால், தேவை தீர்ந்த தைராக்ஸின் உடம்பில் படபடப்பையும் தூக்கமின்மையையும் கொண்டுவரும்.

மிச்சமிருக்கும் கேப்சூலை இதே நோய் உள்ள வேறொருவருக்கு நல்ல மனதோடுகூடக் கொடுக்காதீர்கள். அவருடைய ரத்தக் கொழுப்பு என்னவென்று நமக்குத் தெரியாது. வீட்டில் கர்ப்பிணிகளோ குழந்தைகளோ தொட முடியாதபடி கட்டி, மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படையுங்கள். பிரிக்காத குப்பியைக் கடையில் திருப்பிக் கொடுப்பதானால் பில்லின் மூலப்பிரதியை எடுத்துப் போங்கள், நகலை வைத்துப் பணம் தர மாட்டார்கள்.